சும்மா கிடந்த விசில்

என் மனைவி ஏலவார்குழலி வக்கீல். அப்புறம் கவுன்சிலர். அதற்கும் அப்புறம் நகராட்சித் தலைவர். நான் அன்றும் கண்டக்டர், இன்றும் கண்டக்டர். இதைச் சொன்னதும் சிலர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குத் தனியாக டிக்கெட் கிழிக்கலாம். 'பாவம்பா இந்த ஆளு' என்று சொல்லும் அந்தப் பார்வை. பாவமாவது மண்ணாவது! அவள் அரசியலுக்கு வந்த புதிதிலேயே அந்தப் பதவிக்கு உலை வைக்கப் பார்த்தவன் நான்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பத்தேழாம் வருஷம் நான் காஞ்சிபுரம் செங்கல்பட்டு வண்டியில் இருந்தேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பெண் செங்கல்பட்டு சட்டக் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை, சரியான சில்லறை. தினமும் சரியான சில்லறை கொடுக்கிற பயணியை எந்தக் கண்டக்டருக்குத்தான் பிடிக்காது? அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் பட்டுத் தறிக்கார வீட்டுப் பெண். நான் முசரவாக்கம் காலனிக்காரன். அவள் தெருவில் தாகம் என்று கேட்டால் என் அப்பாவுக்குச் சொம்பைக் கொடுக்க மாட்டார்கள், கையில்தான் ஊற்றுவார்கள். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பேச முடியாது. பஸ்ஸில் பாதிப் பேர் அவளுக்குச் சித்தப்பா, மீதிப் பேர் மாமா. எனக்கு இருந்தது விசில் ஒன்றுதான். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ, இதுதான் சட்டம். நான் மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்தேன். என்னுடையது பஸ் ஸ்டாண்டு எதிரே வாங்கிய இரும்பு விசில். ஒரு முறை சக்கரத்துக்கடியில் உருண்டு மூக்கு நசுங்கிப் போனது. அதனால் அதற்கு ஒரு இழுப்பு வந்துவிட்டது. மெல்ல ஊதினால் கீழே ஆரம்பித்து, மேலே ஏறி, கடைசியில் குயில் மாதிரி வளையும். அவள் நிறுத்தம் வருவதற்கு முந்தின திருப்பத்தில் அதை ஊதுவேன். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கையைத் தூக்குவாள். நிறுத்தத்தில் எப்படியும் நிற்கப் போகிற பஸ்ஸுக்கு எதற்குக் கை? அது பஸ்ஸுக்கு இல்லை. எங்கள் காதல் கடிதமே அவ்வளவுதான்.

ஒரு நாள் அவள் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாபா, புதுசா ஊதுற? யாருக்கு ஊதுற?" என்றார். அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், காது இங்கேதான் இருக்கிறது. "மாடு ஒண்ணு குறுக்கால வந்துச்சுங்க, அதுக்குதான்" என்றேன். மறுநாள் அவள் என் பஸ்ஸில் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. திருப்பத்தில் ஊதி ஊதி என் வாய் வறண்டதுதான் மிச்சம். ஒருவழியாக ஏறியவள், சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து, உதடு அசையாமல் சொன்னாள்: "மாட்டுக்கு ஒரு செங்கல்பட்டு குடுங்க, கண்டக்டரே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இனி எவன் கேட்டாலும் இந்த ஊதல் யாருக்கு என்று மறைக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நினைப்பது சுலபம்தானே!

அவள் படிப்பு முடிந்ததும் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் அப்பா கதவைச் சாத்தினார். "தறிப் பாவுலேர்ந்து அந்த இழைய எடுத்துட்டேன்" என்று உள்ளேயிருந்து சொன்னார். அவள் அழவில்லை. தலை நிமிர்ந்துதான் தெருவைத் தாண்டினாள். செவிலிமேட்டில் ஒரு வீட்டுப் பகுதியை வாடகைக்கு எடுத்தோம். அவள் கருப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தாள். நான் டவுன் பஸ்ஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அவளை நான் 'வக்கீலம்மா' என்பேன், அவள் என்னைக் 'கண்டக்டரே' என்பாள். ஊதலும் கைதூக்கலும் தொடர்ந்தன.

வக்கீல் தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டாள். மற்ற வக்கீல்கள் கோர்ட்டு வேப்பமரத்தடியில் சாட்சியை உட்கார வைத்து, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்வார்கள். இவள் "நடந்தத சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்பாள், அவ்வளவுதான். இதனாலேயே ஜெயிக்க வேண்டிய வழக்குகள் சில கையை விட்டுப் போயின. நான் கத்துவேன். "ஊரோட ஒத்து வாழத் தெரியாதா உனக்கு? ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தா இன்னா கொறஞ்சு போவுது?" அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொல்வாள்: "சொல்லிக் குடுத்தது மொத கேள்விக்கு நிக்கும் கண்டக்டரே. ரெண்டாவது கேள்வியில அறுந்துடும்." அவளிடம் வாதாடி ஜெயிக்க நான் என்ன ஜட்ஜா?

தொண்ணூற்றாறில் நகராட்சித் தேர்தல் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் அவள் பிறந்த தெரு இருக்கிற வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அந்தத் தெருக்களில் சாக்கடை கிடையாது. மழை பெய்தால், நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழிக்குள் தண்ணீர் புகுந்துவிடும், தறியில் ஏறியிருக்கிற பாவு நூல் நாசம். இவளிடம் ஜீவனாம்ச வழக்கு நடத்திய பெண்கள் கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள். "எங்களுக்காக ஜட்ஜிகிட்டப் பேசினியேமா, முனிசிபாலிட்டிகிட்டயும் பேசு" என்றார்கள். கதவைச் சாத்திய தெரு அது. போகாதே என்றேன். "கதவ சாத்தினது எங்க அப்பா. தெரு சாத்தலையே" என்றாள். சுயேச்சையாக மனுப் போட்டாள்.

சின்னம் ஒதுக்கிய அன்று சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "விசில் கெடைச்சிருக்குது" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வண்டி டிரைவர் அர்ஜுனன் என்னைவிடக் குதித்தான். "டேய் வீரபத்ரா, நீ ஊதுற ஒவ்வொரு தபாவும் வக்கீலம்மாவுக்கு ஒரு ஓட்டுடா!" என்றான். அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான். டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். போக்குவரத்துக் கழக ஊழியன் ஓட்டுக் கேட்கக் கூடாது, மீறினால் வேலை போகும், தேர்தல் முடிகிற வரை விசிலை வாயில் வைக்காதே, பஸ் தகரத்தைக் கையால் தட்டு என்றார். எதிர்த்துப் பேச முடியுமா? தட்டினேன். ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ. உள்ளங்கை வீங்கிப் பூரி மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அவள் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள். நாளெல்லாம் வீடு வீடாக நடந்துவிட்டு வந்தவள் என் கைக்கு எண்ணெய் போடுகிறாள்!

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவளுக்குக் குரல் சின்னது. மைக்கில் பேசினாலும் பக்கத்து வீட்டுத் தாளிப்புச் சத்தம்தான் அதிகம் கேட்கும். எனக்கோ ஏழு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. அதை வைத்துக்கொண்டு ஊமையாக இருந்தேன். எங்கள் வண்டியில் ஏறுகிறவர்களிடம் "ஓட்டு" என்ற வார்த்தையைக்கூட உச்சரிக்கவில்லை. இதை எந்தச் சாமி முன்னாலும் சொல்லுவேன்.

ஓட்டுப் போடுகிற நாள் வந்தது. எனக்கு டூட்டி. வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரேதான் எங்கள் நிறுத்தம். காலையில் பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. மத்தியானம் வண்டி திரும்பி வரும்போது வரிசையே இல்லை. எதிர்த்து நின்றவள் பூவம்மாள். அவள் பாவம், வாய் திறக்காத பெண். எல்லாம் அவள் அண்ணன் வேலை. "வக்கீலம்மா வாபஸ் வாங்கிட்டாங்க, போயி வேலையப் பாருங்க" என்று தெருமுனையில் ஆள் வைத்துச் சொல்லிவிட்டான். வந்த பெண்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து குழலி தனியாக நின்றாள். தலை குனிந்திருந்தது. அப்பன் கதவைச் சாத்தியபோதும் குனியாத தலை அது. அவள் குனிந்து நான் பார்த்ததே இல்லை. டிப்போ மேனேஜர், சட்டம், சின்னம், ஓட்டு, ஒன்றும் நினைவில் இல்லை. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. ஊதிவிட்டேன். கீழே ஆரம்பித்து, மேலே ஏறி, குயில் மாதிரி.

அவள் தலை நிமிர்ந்தது. பையைத் தோளில் ஏற்றினாள். கையைத் தூக்கினாள். அப்புறம்தான் இடம் பொருள் தெரிந்து கையை இறக்கி, நேராகத் தேர்தல் அதிகாரியிடம் போனாள். யாரும் வாபஸ் வாங்கவில்லை என்று அரை மணியில் ஜீப் மைக்கில் அறிவிப்பு வந்தது. பெண்கள் திரும்பி வந்தார்கள்.

அர்ஜுனன் ஸ்டியரிங்கில் தலையை இடித்துக்கொண்டான். "அடப்பாவி! சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! இன்னாபா பண்ணிட்டே?"

ஜெயித்தாள். சொற்ப ஓட்டு வித்தியாசம். மாலையின் ஈரம் காய்வதற்குள் பூவம்மாள் பெயரில் செங்கல்பட்டு மாவட்டக் கோர்ட்டில் தேர்தல் வழக்கு வந்தது. வெற்றி வேட்பாளரின் கணவர், போக்குவரத்து ஊழியர், வாக்குப்பதிவு நாளில் சாவடி வாசலிலேயே அவரது சின்னத்தை ஊதி வாக்குக் கேட்டார். இதற்காகவே அந்தச் சின்னத்தை வேட்பாளர் விரும்பிக் கேட்டு வாங்கினார் என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரி அப்பட்டமான பொய் என்று நான் குதித்தேன். கிடைத்த சின்னத்துக்கு இவள் என்ன செய்வாள்? எனக்கு டிப்போவில் சார்ஜ் மெமோவும் கொடுத்தார்கள். அது கிடக்கட்டும். வழக்கு தோற்றால் அவள் பதவி போகும், சில வருஷம் தேர்தலில் நிற்கவே முடியாது. அதற்குள் அவள் நகராட்சி மன்றத்தில் மன்றாடியதில், பிள்ளையார்பாளையத்தில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். என் பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் கேட்டார்கள்: "வக்கீலம்மா போயிட்டா இந்தப் பள்ளத்த யாருபா கட்டி மூடுவாங்க?"

பதில் அர்ஜுனனிடம் இருந்தது. "அன்னிக்கி சாவடில போலீஸு நின்னுச்சு இல்ல? போலீஸ்கிட்டயும் விசில் இருக்குது. ஊதினது போலீஸுன்னு நீ சொல்லு. உனக்கு அப்புறம் நான் ஏறி ஆமான்னு சொல்லிடறேன். கேஸு காலி" என்றான். யோசித்துப் பார்த்தால் கச்சிதமாகத்தான் இருந்தது. தேர்தல் முழுக்க நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு மட்டும் ஏன் ஊதினான் என்றுதானே கேட்பார்கள்? ஊதவே இல்லை என்றால் கேள்வியே இல்லை.

வீட்டுக்குப் போய், "வக்கீலம்மா, நான் கூண்டுல ஏறி இன்னா சொல்லட்டும்?" என்றேன்.

"ரசத்துக்கு உப்பு போதுமா?" என்றாள்.

"நான் கேக்கறது கேஸப் பத்தி!"

"நீங்க இப்ப சாட்சி. சாட்சிகிட்ட நான் கேஸு பேசமாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். "நான் உன் புருஷன்மா! உன் பதவி, உன் கேஸு. தப்பு பண்ணவன் நானு. இத சொல்லு, இத சொல்லாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவள் தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தி, கொஞ்சம் நெய் விட்டாள். "சாப்பிடுங்க கண்டக்டரே" என்றாள். விசாரணை வருகிற வரை இப்படித்தான். தண்ணீர் வந்ததா, பால்காரன் வந்தானா, எல்லாம் பேசுவோம். வழக்கு என்று வாயெடுத்தால் எழுந்து போய்விடுவாள். அவள் கட்டிலில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அந்த விசில் படுத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

விசாரணை அன்று செங்கல்பட்டுக்கு ஒரே பஸ்ஸில் போனோம். அதே பழைய தடம். அவள் முன் சீட்டில், நான் கடைசி சீட்டில். அவள் வழக்கை அவளே நடத்தினாள், ஆனால் தன் சொந்த வழக்கில் வக்கீல் அங்கி போடக் கூடாதாம், கட்சிக்காரியாகத்தான் நிற்க வேண்டுமாம். பருத்திப் புடவையும் ஜோல்னாப் பையுமாக அந்தப் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். காலேஜுக்குப் போன பெண்ணேதான்.

எங்கள் தரப்பில் முதலில் அவளை விசாரித்தார்கள். சாட்சியான நான் உள்ளே இருக்கக் கூடாது என்று வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். வெகு நேரம் கழித்து டவாலி என் பெயரைக் கூவினான். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். அவள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்கள் பெயர்?"

கல்யாணமானதிலிருந்து என் பெயரை அவள் சொன்னதில்லை, கேட்டதுமில்லை. "வீரபத்திரன்" என்றேன்.

"எனக்கு நீங்கள் என்ன உறவு?"

"புருஷன்" என்றேன். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"வாக்குப்பதிவு நாளில் பள்ளிக்கூட நிறுத்தத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்."

அவ்வளவுதான் கேட்டாள். ஒரு நூல் பிடித்துக்கொள்ளக் கொடுக்கவில்லை. வாசலுக்கு வெளியே அர்ஜுனன் நிற்பது தெரிந்தது. "வண்டி நின்னுச்சுங்க. ஜனம் ஏறிச்சு. கெளம்பிட்டோம்" என்றேன். அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "வேறு கேள்வி இல்லை" என்று போய் உட்கார்ந்தாள்.

பூவம்மாள் தரப்பு வக்கீல் சக்ரவர்த்தி எழுந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நெற்றியில் திருமண், வெண்ணெய் மாதிரி பேச்சு.

"வீரபத்திரன், தேர்தல் முழுக்க நீங்கள் விசில் ஊதவில்லை, இல்லையா?"

"ஊதலீங்க. தகரத்தத் தட்டினேன்."

"ரொம்ப சரி. ஓட்டுப்பதிவு அன்னிக்கு, அந்த நிறுத்தத்தில, ஒரு விசில் சத்தம் கேட்டதுன்னு நாலு பேர் சாட்சி சொல்லியிருக்கா. சித்த யோசிச்சுச் சொல்லுங்கோ. ஊதினது யாரு?"

போலீஸ் என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று எழுத்து. சொன்னால் பதவி தங்கும், சாக்கடை மூடும், என் வேலையும் தங்கும். அவளைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இங்கே இருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு இருந்த அதே காது. மாட்டுக்கு ஊதினேன் என்று சொன்னவன், இன்றைக்குப் போலீஸ் ஊதியது என்று சொல்லப் போகிறேனா? எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. போடா, பதவியாவது ஒன்றாவது!

"நான்தாங்க ஊதினேன்" என்றேன்.

சக்ரவர்த்திக்கே நம்ப முடியவில்லை. "நிறுத்தவா, போகவா? எதற்கு ஊதினேள்?"

"ரெண்டும் இல்லீங்க. என் சம்சாரத்துக்கு ஊதினேன்."

"அதாவது, வேட்பாளருக்காக ஊதினேள்."

"வேட்பாளரு இன்னாங்க வேட்பாளரு? என் பொண்டாட்டி அங்க தல குனிஞ்சுக்கினு நின்னுச்சு. நான் கிட்டப் போயி இன்னாமான்னு கேக்க முடியாது, டூட்டில இருக்கறேன். அதான் ஊதினேன். இந்தத் தேர்தலு இப்ப வந்தது. இந்த ஊதலு அது சட்டம் படிக்கப் போன காலத்துலேர்ந்து ஊதறேன். அது பஸ்ஸுக்கு நிக்கும், நான் திருப்பத்துல ஊதுவேன். அதுக்கு மட்டும்தான் ஊதுவேன். வேற எவருக்கும் இல்ல."

சொல்லி முடித்ததும் எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் நெஞ்சுக்குள் லேசாக இருந்தது.

சக்ரவர்த்தி சிரித்தார். "நன்னா இருக்கு. மனைவிக்கென்று தனியா ஒரு ஊதல்! கனம் நீதிபதி அவர்களே, இது ஜோடிச்ச கதை. கேட்கிற எல்லாருக்கும் அது விசில்தான், சின்னம்தான்." என் பக்கம் திரும்பி, "இப்போ உங்ககிட்ட அந்த விசில் இருக்கா?" என்றார். இருந்தது. "அப்படி என்ன தனி ஊதல்? ஊதிக் காட்டுங்கோ பார்ப்போம்."

நீதிபதியைப் பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையசைத்தார்.

குழலி அப்போது குனிந்து சட்டப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் ஊதினேன். அந்தப் பெரிய அறையில் அது கீழே ஆரம்பித்து, மேலே ஏறி, கடைசியில் வளைந்தது.

அவள் தலை நிமிர்ந்தது. நாற்காலியில் கிடந்த ஜோல்னாப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எழுந்தாள். கை மேலே போனது.

பஸ் வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தபோது கோர்ட்டு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். முகம் அரக்குச் சிவப்பாக ஆகிவிட்டது. என்ன வழக்கு வந்தாலும் சுவர் மாதிரி நிற்கிற என் வக்கீலம்மா, அத்தனை பேர் நடுவில் சிவந்துபோய் நின்றாள். நீதிபதி கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார், சிரிப்பை மறைக்கத்தான். அர்ஜுனனைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை.

தீர்ப்பை அவளே எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். கணவன் தன் மனைவியை அவர்களுக்குள் பழகிய விதத்தில் அழைத்தது வாக்குக் கேட்டதாகாது. அந்த ஓசைக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பதை இந்த நீதிமன்றம் நேரில் கண்டது என்று எழுதியிருந்தது. மனு தள்ளுபடி. என் சார்ஜ் மெமோ ஒரு கண்டிப்போடு போயிற்று. தீர்ப்பு வந்த அன்றைக்கு ஊருக்குத் திரும்பும்போது ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். வீக்கம் வடிந்துபோன என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லிக் குடுக்காததே நல்லதாப் போச்சு பாத்தீங்களா?" என்றாள்.

ஆனால் விசில் போயிற்று. அதைச் சான்றுப் பொருள் என்று கோர்ட்டு எடுத்துக்கொண்டது. பூவம்மாளின் அண்ணன் ஹைகோர்ட்டு வரைக்கும் போனதால் அது திரும்பி வர வருஷங்கள் ஆகிவிட்டன. நான் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கினேன். கோழிக்குஞ்சு மாதிரி கத்தும், இழுப்பு வராது. அதற்குள் சாக்கடை மூடியாயிற்று. தறிக்குழியில் தண்ணீர் புகுவது நின்றது. அவள் அப்பா ஒரு நாள் கதவைத் திறந்தார். அது வேறு கதை. இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு கட்சி அவளைக் கூப்பிட்டு நகராட்சித் தலைவர் பதவிக்கு நிறுத்தியது. ஜெயித்தாள். வாசலில் கார் வந்து நின்றது.

கார் வந்த பிறகு அவள் எதற்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கப் போகிறாள்? என் வண்டியைத் தாண்டி அந்தக் கார் போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் அவள் யாரோடாவது பேசிக்கொண்டு போவாள். எனக்குப் பெருமைதான். சத்தியமாகப் பெருமைதான். ஆனால் திருப்பம் வரும்போது வாயில் ஒரு வெறுமை இருக்கும். ஹைகோர்ட்டு வழக்கு முடிந்ததும், சேர்மன் வேலையெல்லாம் விட்டுவிட்டு அவளே மனுப் போட்டு, செங்கல்பட்டு கோர்ட்டு வராந்தாவில் நின்று அந்த விசிலை வாங்கி வந்தாள். வந்து என்ன? பீரோவில் கிடந்தது.

இரண்டாயிரத்து ஆறில் தோற்றாள். கட்சிக்குள்ளேயே காலை வாரிவிட்டார்கள். ஓட்டு எண்ணிய அன்று வீட்டில் ஈ காக்கை இல்லை. மறுநாள் விடிகாலை நான் டூட்டிக்குக் கிளம்பியபோது அவள் எழுந்து சோறு கட்டிக் கொடுத்தாள். டிப்போவில் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். டப்பாவுக்குப் பக்கத்தில், துணியில் சுற்றி, அந்த மூக்கு நசுங்கின விசில்.

ஒன்பது மணி நடையில் செவிலிமேட்டுத் திருப்பம் வந்தது. தூரத்தில் நிறுத்தம் தெரிந்தது. கருப்பு அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்கள். அவள் தலை குனிந்திருந்தது.

அர்ஜுனன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "ஊதுபா. இப்ப எவன் கேஸு போடுவான்?" என்றான்.

ஊதினேன். இத்தனை வருஷம் சும்மா கிடந்தும் அதற்கு ஒன்றும் மறக்கவில்லை. அவள் பை தோளில் ஏறியது. கை உயர்ந்தது.

ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, சரியான சில்லறையை என் கையில் வைத்தாள். "கோர்ட்டு ஒண்ணு குடுங்க, கண்டக்டரே."

டிக்கெட்டைக் கிழித்தேன். ரொம்ப நாளாகக் கேட்காததைக் கேட்டேன். "அந்த மொத எலக்‌ஷன்ல விசிலு உனக்கு எப்படிமா கெடைச்சுது? மிச்சம் இருந்தத குடுத்தாங்களா?"

"யாரு சொன்னா? வேணும்னு கேட்டுத்தான் வாங்கினேன். அந்தச் சக்ரவர்த்தி சார் ஏன்னு கேட்டாரே, நீங்க வராந்தால நின்னுக்கினு இருந்தீங்க."

"இன்னா சொன்னே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"வேற எதுக்கு நான் கை தூக்கியிருக்கறேன்னு சொன்னேன்."

பின்னால் ஜனம் சில்லறைக்குக் கத்தியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போவதற்கு உண்டான இரண்டு விசிலை ஊதினேன்.